ஓட்டோவுக்கு முன்னால் ஓடிய நிலா

பௌர்ணமிப் போயா கழிந்து இரண்டாம் நாள் காலை. கல்முனைக்குடியின் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஐந்து பிள்ளைகளை முன்பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு சப்ரியின் ஓட்டோ மேற்கே போய்க்கொண்டிருந்தது. கடைகளைத் தாண்டி வயல் வீதியில் இறங்கியதும் பின்னால் இருந்து ஹப்ஸா கத்தினாள். அவளுக்கு நாலரை வயது.

"சப்ரி மாமா, நிலா நமக்கு முன்னால ஓடுது!"

சப்ரி நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பக்கமும் வெட்டுக்கு முற்றிய நெல். அதன்மேல் பாலாடை மாதிரி மூடுபனி. மூடுபனிக்கு மேலே, விளிம்பு கரைந்த பப்படம்போல ஒரு வெளிறிய நிலா. பகல் வெளிச்சத்தில் நிலாவை அவர் கவனித்ததே இல்லை. அது அங்கே இருக்கக்கூடாது என்பதுபோலத்தான் முதலில் தோன்றியது.

"மெதுவாப் போங்க மாமா, அதுவும் மெதுவாப் போகுதா பார்ப்பம்" என்றான் பஸால். ஐந்து வயதான அவன்தான் ஓட்டோவில் மூத்தவன்.

சப்ரி வேகத்தைக் குறைத்தார். நிலாவும் குறைத்தது. நிறுத்தினார். அதுவும் நின்றது. வீதி வடக்கே திரும்பும் இடத்தில் ஓட்டோவைத் திருப்பியபோது நிலா இடது பக்கம் வந்து, தென்னை மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து கூடவே ஓடியது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கல் எடுத்தது.

"ஏன் மாமா அது நம்மளோட வருது?" என்று கேட்டாள் ஹப்ஸா.

சப்ரி இன்னொரு தடவை நிலாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியா புள்ள. நாளைக்கும் வருதா எண்டு பார்ப்பம்."

சப்ரிக்கு நாற்பத்திரண்டு வயது. தகப்பன் கரைவலை இழுத்த மீனவர். பிறந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோன பிறகு கட்டாருக்குப் போய்ப் பதினொரு வருடம் வேலையாட்களை ஏற்றும் பஸ் ஓட்டினார். விடியற்காலையில் ஏறுகிறவர்கள் ஏறியவுடன் தூங்கிவிடுவார்கள். மாலையில் திரும்பும்போதும் தூக்கம்தான். பேச்சே இல்லாத அந்த பஸ்ஸில் அவர் வீதியை மட்டும் பார்க்கப் பழகினார். ஊருக்குத் திரும்பிச் சிவப்பு ஓட்டோ ஒன்றை வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பிள்ளைகளை ஏற்றுவார், இறக்குவார். அவர்கள் பின்னால் கதைப்பது எல்லாம் எஞ்சின் சத்தத்தோடு சேர்ந்த இன்னொரு சத்தம், அவ்வளவுதான்.

அன்று பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவருக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. மகன் றிபாத்துக்கு அப்போது நாலு வயது. போனில் கேட்டான்: "வாப்பா, அங்கயும் நிலா இரிக்கா?" போன் கார்டில் காசு முடியப்போகிற அவசரத்தில், "ஓம் ஓம், போன உம்மாட்டக் குடு" என்றார் சப்ரி. இப்போது றிபாத்துக்குப் பதினேழு வயது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கிறான். வாப்பாவிடம் எதையும் கேட்பதில்லை.

அடுத்த நாளும் நிலா வந்தது. கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் மேலே. ஒரு பக்கம் தேய்ந்தும் இருந்தது. சப்ரி வயல் வீதியின் ஓரத்தில் இரண்டு நிமிடம் ஓட்டோவை நிறுத்தத் தொடங்கினார். இரண்டு நிமிடம் ஐந்தாகியது, ஐந்து பத்தாகியது. நிலாவைப் பார்க்க இறங்கிய பிள்ளைகள் சிலந்தி வலையில் பனித்துளி கோத்திருப்பதைக் கண்டார்கள். வாய்க்கால் தண்ணீரில் இன்னொரு வானம் கிடப்பதைக் கண்டார்கள். பஸால் அதில் ஒரு கல்லைப் போட்டு வானத்தை ஆட்டினான். அது திரும்ப அசையாமல் வரும்வரை ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சப்ரியும் நின்றார். நெல் வாசனையும் ஈரமண் வாசனையும் கலந்த அந்தக் குளிரில், தான் எங்கே போகப் புறப்பட்டோம் என்பதே அவருக்குச் சில நொடி மறந்துபோனது.

ஆசிரியை முஸ்பிறா ஒருநாள் முன்பள்ளி வாசலிலேயே மறித்தார்.

"சப்ரி நானா, இந்தக் கிழமை முழுக்கப் பிந்தித்தான் வாறீங்க. ஓட்டோவுல என்னவும் பழுதா?"

"பழுது ஒண்டுமில்ல டீச்சர். நிலாப் பார்க்க நிண்ட."

"நிலாவா? காலையிலயா?"

சப்ரி கையை நீட்டினார். முன்பள்ளிக் கூரைக்கு நேர்மேலே, நீல வானத்தில், பாதி நிலா மிதந்துகொண்டிருந்தது. முஸ்பிறா அண்ணாந்து பார்த்தார். பிறகு, "பிந்தாம வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஹப்ஸாவின் தகப்பன் பாயிஸ் அப்படி லேசில் விடவில்லை. கந்தோர் ஒன்றில் கோப்புகளோடு வேலைசெய்யும் ஒழுங்கான மனிதர் அவர். மகளின் சப்பாத்தில் வயல் சேறு ஒட்டியிருந்ததைக் கண்டுவிட்டு, மாலையில் சப்ரியின் வீட்டுக்கே வந்தார்.

"சப்ரி நானா, புள்ளைய நேசரிக்குத்தான் அனுப்புற. வாய்க்கால் கரையில நிக்க இல்ல. விழுந்தா ஆரு பொறுப்பு?"

"நான் கிட்டத்தான் நிண்ட தம்பி."

"அதில்ல. நிலாவப் பத்தி அவளுக்கு நான் போன்ல வீடியோ போட்டுக் காட்டின. எல்லாம் அதுல இரிக்கி. அவள் பாதியில எழும்பிப் போயிட்டாள். எனக்கு விளங்கல்ல."

வாய்க்கால் விஷயத்தில் பாயிஸ் சொன்னது சரிதான் என்று சப்ரிக்குப் பட்டது. மறுநாளிலிருந்து ஹப்ஸா தகப்பனின் மோட்டார் சைக்கிளில் முன்பள்ளிக்குப் போனாள். வயல் வீதியில் ஓட்டோவை முந்திப் போகும்போது அவள் தலையைப் பின்னுக்குச் சாய்த்து வானத்தில் எதையோ தேடிக்கொண்டு போவதைச் சப்ரி கண்டார். வாய்க்கால் பக்கம் நிறுத்துவதை அன்றோடு விட்டார். அதற்குப் பதில் முன்பள்ளி மதிலோரம் நிழலில் நிறுத்தினார். வீட்டிலிருந்து பத்து நிமிடம் முந்திப் புறப்பட்டார்.

ஆனால் ஓட்டோவில் இருந்த நாலு பேருக்கும் இப்போது நிலா அகப்படவில்லை. மேற்கே பார்த்தார்கள், உச்சியில் பார்த்தார்கள். எங்கும் இல்லை. அதைக் கண்டுபிடித்தது ஹப்ஸாதான். அவளுடைய வீடு கடலோரம். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு உம்மா எழும்பும்போது அவளும் எழும்பி முற்றத்துக்கு வந்திருக்கிறாள். முன்பள்ளிக்குள் நுழைந்ததும் மூச்சிரைக்கச் சொன்னாள்.

"நிலா வயல்ல இல்ல. கடலுக்குப் போயிட்டு! இத்தனூண்டுதான் இரிக்கி, நகம் மாதிரி!"

இரண்டு நாளில் அதுவும் இல்லாமல் போனது. நிலா கடலில் தாழ்ந்துபோனது என்றான் பஸால். தாழவில்லை, குளிக்கிறது என்றாள் ஒருத்தி. கரைவலை இழுக்கிறவர்களிடம் சொல்லிவைத்தால் மீனோடு சேர்ந்து வரும் என்று இன்னொருத்தி யோசனை சொன்னாள். முஸ்பிறா டீச்சர் அன்றைக்கு எழுத்துக் கொப்பிகளை எடுக்கவேயில்லை. கடதாசியும் நிறப்பென்சிலும் கொடுத்துவிட்டார். மத்தியானம் ஏற்றிப்போக வந்த சப்ரிக்குச் சுவரைக் காட்டினார். வலையில் சிக்கிய நிலா, சுறாவின் வயிற்றில் நிலா, உம்மாவின் தலைமாட்டில் நித்திரை கொள்ளும் நிலா.

"நானா, உங்களாலதான் இவ்வளவும்" என்றார். குரலில் கோபம் இல்லை.

அன்று இராச்சோற்றின்போது சப்ரி மகனைக் கேட்டார். கேட்கக் கூச்சமாக இருந்தது.

"மன, இந்த நிலா ஏன் வயல் பக்கத்தில இருந்து கடல் பக்கம் போற? மறுகா ஏன் காணாமப் போற?"

றிபாத் வாயருகே கொண்டுபோன சோற்றை நிறுத்தி வாப்பாவைப் பார்த்தான். விளையாட்டில்லை என்று கண்டதும் எழும்பிப் போய், புளி பிழிய வைத்திருந்த ஒரு தேசிக்காயும் டோர்ச்சும் கொண்டுவந்தான். விளக்கை அணைத்தான்.

"டோர்ச் சூரியன். உங்கட தல பூமி. இந்தாங்க, தேசிக்காயப் புடிச்சிக்கிட்டு அப்படியே சுத்துங்க வாப்பா."

சப்ரி கையை நீட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றினார். தேசிக்காயின் ஒரு பக்கத்தில் வெளிச்சம் நிறைந்தது, பாதியானது, கீற்றானது. டோர்ச்சுக்கு நேரே வந்ததும் முழுக்க இருண்டது. அவர் இன்னும் கொஞ்சம் திரும்பினார். மறுபக்கத்தில் ஒரு மெல்லிய கீற்று பிறந்தது.

"அல்லாஹ்வே!" என்றார். இன்னொரு தடவை சுற்றினார். மனைவி ஸகியா தையல் மெசினை நிறுத்திவிட்டு, "எனக்கும் தாங்க" என்று வாங்கிச் சுற்றிப்பார்த்தாள். சோறு ஆறிப்போனது. மூவரும் மாறிமாறிச் சுற்றினார்கள்.

"நாளைக்கு ஓட்டோவுல இதக் காட்டுங்க வாப்பா."

சப்ரி யோசித்தார். "இப்ப வேணா மன. அதுகள் இன்னும் தேடிட்டு இரிக்கிதுகள். கேக்கிற நேரம் நீயே வந்து காட்டு."

அது நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்தின் கடைசி. நோன்புப் பிறை பார்க்கும் நாள் வந்தது. சப்ரி பிள்ளைகளின் பெற்றோரிடம் சொல்லி, சூரியன் மறையும் மஃரிபுக்கு முன்னரே நாலு பிள்ளைகளையும் அவர்களுடைய உம்மாமாரோடு வயல் வீதிக்குக் கூட்டிவந்தார். வீதி முழுக்கச் சனம். பள்ளிவாசல் ஆட்கள் வந்திருந்தார்கள், இளைஞர்கள் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். ஆனால் மேற்கில் சாம்பல் நிறத்தில் முகில் திரண்டு கிடந்தது. சூரியன் அதற்குள் கலங்கி மறைந்தது. தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கேட்டது. ஒன்றும் தெரியவில்லை. பஸால் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதான்.

பிறை காணவில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்து, நாளை மறுநாள் நோன்பு. சனம் கலைந்துபோனது.

மறுநாள் மாலை வயல் வீதியில் ஒருவரும் இல்லை. நோன்பு முடிவாகிவிட்டதால் பிறை பார்க்கவேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. எல்லாரும் விடிகாலைச் சஹர் உணவுக்குச் சாமான் வாங்கக் கடைத்தெருவில் நின்றார்கள். சப்ரியின் ஓட்டோ மட்டும் வந்து நின்றது. உள்ளே நாலு பிள்ளைகள். முன் பக்கத்தில் வாப்பாவோடு நெருக்கிக்கொண்டு றிபாத். இந்தத் தடவை வாய்க்காலுக்கு எட்டத்தில், வெட்டி முடிந்த வயலுக்குள் இறங்கி நின்றார்கள். காலடியில் வைக்கோல் மொறுமொறுத்தது.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பாயிஸ் இறங்கி, ஹப்ஸாவைத் தூக்கி இறக்கினார்.

"பின்னேரம் அசர் தொழுகையிலிருந்து அழுறாள் நானா" என்றார். "போன்ல காட்டினன். அது வேணாமாம். இதுதான் வேணுமாம்."

"நில்லுங்க தம்பி. இன்னம் கொஞ்ச நேரம்தான்."

சூரியன் இறங்கியது. வயலின் அந்தக் கரை செம்மஞ்சளாகி, பிறகு ஊதாவாகி, தூரத்து மரங்கள் கறுப்புக் கோடாயின. கொக்குகள் ஒரு வரிசையாகச் சத்தமில்லாமல் கடந்துபோயின. பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே எங்கோ தள்ளிப்போய்விட்டதுபோல, வானத்துக்கு அடியில் அவர்கள் மட்டும் எஞ்சிநின்றதுபோல இருந்தது.

"அந்தா" என்றாள் ஹப்ஸா, மிக மெதுவாக.

"எங்க புள்ள?" பாயிஸ் குனிந்து அவள் கண்மட்டத்துக்கு வந்தார்.

"வாப்பா, அந்தப் பனைக்கு மேல. இன்னம் மேல. இஞ்சால."

பாயிஸ் தேடினார். கண்ணைச் சுருக்கினார். மகள் அவருடைய நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பிவிட்டாள். அப்போது அவருக்குத் தெரிந்தது. ஊதா வானத்தில் யாரோ நகத்தால் கீறியதுபோல ஒரு வெள்ளிக் கோடு, இரண்டு முனையும் மேலே பார்த்தபடி.

அவர் வெகுநேரம் அப்படியே குந்தியிருந்தார். "நானா," என்றார் கடைசியில், "முப்பத்தாறு வருசமா நோன்பு வருது. நான் ஒரு நாளும் வந்து பிறை பார்த்ததில்ல. பள்ளியில சொன்னாப் போதும் எண்டு இரிந்திட்டன்."

"நானும்தான் தம்பி."

"கடலுக்குள்ள போனது எப்படி இந்தப் பக்கத்தால வந்த?" என்று பஸால் கேட்டான். சப்ரி மகனைப் பார்த்தார். றிபாத் சிரித்துக்கொண்டு காற்சட்டைப் பையிலிருந்து தேசிக்காயை எடுத்தான். ஐந்து பிள்ளைகளும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். பாயிஸ் தன்னுடைய போனின் வெளிச்சத்தைப் போட்டுப் பிடித்தார். இருட்டும்வரை அந்த வயலுக்குள் ஒவ்வொருவராகச் சுற்றினார்கள். கடைசியாகச் சுற்றியது பாயிஸ்.

நோன்போடு முன்பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். ஒரு மாதம் சப்ரி வேறு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடினார். காலை ஏழரைக்கு ஓட்டோவின் பின்பக்கம் வெறுமையாக இருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்து முன்பள்ளி திறந்த அன்று ஹப்ஸாவையும் சேர்த்து ஐந்து பேரும் ஏறினார்கள். நிலா எங்கே நிற்கிறது என்று முதல்நாள் மாலையே பார்த்துவைத்திருந்தார் சப்ரி. சொல்லலாம் என்று கண்ணாடியில் பார்த்தார். பின்னால் ஒருவருக்கும் நிலா ஞாபகமே இல்லை. வெட்டு முடிந்த வயலில் எருமைகள் மேய்ந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வெள்ளைக் கொக்கு ஏறி நின்றது.

"சப்ரி மாமா, எருமைக்குக் கூசாதா?" என்று கேட்டான் பஸால்.

சப்ரிக்கு ஒரு கணம் ஏமாற்றமாக இருந்தது. மறுகணம் சிரிப்பு வந்தது. ஓட்டோவை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.