சாவிப் பாட்டு

தம்பி தையல் ஆலையில் இஸ்திரி போடுகிறவன். மாலையானால் மூன்று நண்பர்களோடு சேர்ந்து கிட்டாரை அலறவிட்டு ராக் பாட்டுப் பாடுவான். அதே ஆலையில் தைக்கும் அக்காவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

பெண்கள் கழிப்பறைச் சாவியைச் சூப்பர்வைசர் தன் இடுப்பிலேயே தொங்கவிட்டிருந்தார். போய்க் கேட்டால்தான் தருவார். கூடவே ஒரு கேலியும் தருவார். தம்பி அதையே பாட்டாக்கினான். அக்காவின் மெஷின் ஓடும் தாளத்தையே டிரம்ஸுக்கு எடுத்துக்கொண்டான். பாட்டு ஊர் முழுக்கப் போன்களில் பரவியது. முதலாளி காதில் விழுந்தால் கழிப்பறையைப் பூட்டவே மாட்டார்கள் என்று அக்கா நம்பினாள்.

ஒரு நாள் ஆலையின் ஒலிபெருக்கியிலேயே அந்தப் பாட்டு ஒலித்தது. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பிறகு குனிந்து தைக்கத் தொடங்கினார்கள். மெஷின்கள் அந்தத் தாளத்துக்குப் பறந்தன.

"ஏய் பாட்டுக்காரா, இதைப் போட்டா கை தானா ஓடுதுடா! தினமும் போடச் சொல்லிட்டாரு முதலாளி," என்றார் சூப்பர்வைசர்.

"சார், அதுல என்ன சொல்லியிருக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்காம என்ன? நம்ம சாவிதானே! என்னையும் பெரிய ஆளாக்கிட்டே."

தம்பி இஸ்திரி மேசைக்குத் திரும்பினான். அக்காவுக்கோ அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. எழுந்துபோய்ச் சாவிக்குக் கை நீட்டினாள்.

"பாட்டு முடியட்டும்மா," என்றார் அவர். "நடுவுல எழுந்தா தாளம் கெட்டுடும்ல?"

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாட்டு முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.