டாலர் இறங்கிய நாள்

மலேசியாவில் ரிங்கிட்டின் மதிப்பை டாலரோடு கட்டி வைத்திருந்த காலத்தில் நான் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்பிங் கிளார்க்காகச் சேர்ந்தேன். அப்போது யாரும் டாலர் ரேட் பார்க்க மாட்டார்கள். நேற்று என்னவோ அதுதான் இன்றும். கட்டை அவிழ்த்துவிட்ட பிறகு, முதலாளிமார் காலையில் தேநீர் குடிப்பதற்கு முன்பே ரேட் பார்க்க ஆரம்பித்தார்கள். கூடவே இருந்து எனக்கும் அது கைவந்துவிட்டது. டாலர் எப்போது இறங்கும் என்று அவர்களுக்கு முன்பே சொல்லிவிடுவேன்.

அந்தத் தைரியத்தில்தான் வேலையை விட்டு, தூத்துக்குடியிலிருந்து சின்ன வெங்காயம் இறக்கத் தொடங்கினேன். கிள்ளானில் ஒரு மளிகைக்கடைக்காரர், தன் பழைய சப்ளையரை விட்டுவிட்டு, தீபாவளிக்கு என்னை நம்பி ஆர்டர் கொடுத்தார். அவர் ஒருவர் நிலைத்தால் போதும், மற்ற கடைகள் தானாக வரும்.

கண்டெய்னர் வந்தது. பேங்கில் டாலர் கணக்கில் பணம் கட்டினால்தான் டாக்குமெண்ட் கைக்கு வரும். அது இல்லாமல் துறைமுகத்தில் சரக்கை விடமாட்டார்கள். அன்றைக்குப் பார்த்து டாலர் உச்சியில் நின்றது.

"எடுத்துரு லா. அது வெங்காயம், இரும்பு இல்ல," என்றார் லோரி ஓட்டும் என் கணவர்.

"நாலே நாள். இறங்கும் பாருங்க."

நாலாம் நாள் இறங்கியது. நான் சொன்னபடியே! பேங்கிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பண்டமாரானில் நான் வாடகைக்கு எடுத்திருந்த ஸ்டோரில் கண்டெய்னர் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. பாதி மூட்டை அழுகல். ரேட்டில் மிச்சம் பிடித்தது அதை அள்ளிக் கொட்டிய கூலிக்குக்கூடக் காணவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை என் கணவர் சொல்லவில்லை. அதில்தான் அவர்மேல் இன்னும் கோபம்.

கடைக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"ரேட் இறங்குச்சா?" என்றார்.

"இறங்குச்சு, அண்ணே."

"வெங்காயத்துக்கு அது தெரியுமா?"

அந்தத் தீபாவளிக்கு அவர் பழைய சப்ளையரிடமே போனார். நான் ஓய்ந்துவிடவில்லை. ஆர்டர் போடும் அன்றே பேங்கில் ரேட்டைப் பேசி முடித்து எழுதி வாங்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம் டாலர் குதித்தாலும் விழுந்தாலும் எனக்கு ஒன்றுதான். பொங்கலுக்கு முன் மறுபடி அவர் கடைக்குப் போய் விலை சொன்னேன்.

"சரக்கு வர்றதுக்குள்ள டாலர் ஏறிட்டா?"

"அது என் பாடு. உங்களுக்குச் சொன்ன விலைதான்."

"இறங்கிட்டா?"

"அப்பவும் அதே விலைதான், அண்ணே. ஒரு நாள்கூட காத்திருக்க மாட்டேன்."

அவர் என்னை நிற்கவைத்துக்கொண்டே போனை எடுத்துப் பழைய சப்ளையரைக் கூப்பிட்டார்.

"பாஸ், பொங்கலுக்கு வெங்காயம் வேணாம்," என்றார்.