துருக்கி வாளுக்குப் போட்ட பாலிஷ்

பழைய வாளைப் பார்த்து ஊரும் வயசும் சொல்கிற வேலைக்கு லென்ஸ் ஒன்று போதும் என்றுதான் சேர்ந்தேன். பொறுமை ஒரு லாரி வேண்டும். மியூசியத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சாமிக்கு வயசா?

கல்வராயன் மலையில் ஒரு கோயில் திருவிழா. பூசாரி ஆண்டி கையில் இருந்த வாளைப் பார்த்ததும் எனக்குச் சாமியே மறந்துபோனது. பாதிக்குமேல் சட்டென்று வளைந்து, நுனிப்பக்கம் அகன்றிருந்தது. பிடி, துப்பாக்கிப் பிடிபோல மடங்கியிருந்தது. துருக்கி சுல்தான்கள் காலத்து அமைப்பு. பிடியை ஒட்டித் தங்கக் கம்பி பதித்த அரபி எழுத்து. செய்தவன் பேரும் வருஷமும் அதில்தான் இருக்கும்.

படித்துச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். வெளியாள் தொடக் கூடாதாம். பூசாரி துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "சாமி கத்திக்கு வயசு கேப்பாங்களா? போய்ட்டு வாங்க."

பத்திரமான இடம்

அடுத்த வருஷம் பிடி ஆட்டம் கண்டுவிட்டது என்று கொல்லரிடம் காட்ட வாளைக் கீழே கொண்டுவந்தார் பூசாரி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பிடித்து ஆயுதக் கேஸ் போட்டுவிட்டார்கள். பழம்பொருள் என்று நிரூபித்தால் அவர் தப்பிப்பார், வாளும் மலைக்குத் திரும்பும். ஸ்டேஷனுக்கு ஓடினேன். சாமான் ரூம் சாவி வைத்திருப்பவர் லீவு. எழுத்து இருக்கிறது, யாரும் கை வைக்காதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஏட்டு சிரித்தார்: "நம்ம கஸ்டடில கீது சார். பத்ரமா இருக்கும்."

ஆயுத பூஜை

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு மறுபடி ஸ்டேஷனுக்குப் போனேன். துப்பாக்கி, லத்தி, ஜீப் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நுனியில் எலுமிச்சம்பழத்தோடு வாள் பளபளத்தது. கிரைண்டர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்! எழுத்து இருந்த இடத்தில் என் மூக்குதான் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏட்டுக்கோ பெருமை: "இன்னா சார் மொறைக்கிறீங்க? துரு புடிச்சிக்கினு கெடந்துச்சி, நாங்கதான் புதுசாக்கினோம்."

சர்டிபிகேட்

வளைவையும் பிடியையும் வைத்து, துருக்கி வாள், பழசு என்று எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் வாளை வெளிச்சத்தில் திருப்பினார்: "எழுத்து எங்க சார்? போன மாசம் அடிச்ச கத்தி மாதிரி இருக்குது." அழித்ததே உங்கள் ஆட்கள்தானய்யா என்று கத்தினேன். வெளியே போகச் சொன்னார்.

கேஸ் நடக்கிறது. இந்த வருஷத் திருவிழாவில், ஜாமீனில் வந்த பூசாரி வெறுங்கையோடு நின்றார். என்னைப் பார்த்ததும் அழுதேவிட்டார்: "கத்தி எங்கடான்னு சாமி கேக்குதுங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

கடல் தாண்டி, மலை ஏறி, அத்தனை காலம் பிழைத்துக்கிடந்த எழுத்து, நம்மாட்களின் பக்திக்கு முன்னால் ஒரு மத்தியானம்கூடத் தாங்கவில்லை.