காசிம் பாயின் மூங்கில் கம்பு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காசிம் பாய் பம்பாயில் நாங்கள் குடியிருக்கும் கோவண்டிக்குத் திரும்பியதும் நேரே அறைக்குப் போகமாட்டார். எங்கள் வீட்டு வரிசைக் குழாயடியில் குனிந்து, ஒரு பிடி மண்ணை நனைத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். பிறகு வெறும் தண்ணீரில் ஆறு முறை. நாய் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் அப்படிக் கழுவுவது அவர்கள் முறை. ஐந்து வருஷமாகப் பார்க்கிறேன், எண்ணிக்கை தவறியதில்லை.

குடத்தோடு நிற்கும் பேராச்சி அக்கா, "பாய், கைக்கே ஒரு கொடம் ஊத்துனா நாங்க சோறு எதுல பொங்க?" என்பாள்.

"என் பங்குத் தண்ணிதாம்மா. ஒத்த ஆளுக்கு வேற என்ன செலவு?" என்பார். அவர் மனைவி சைனப்பும் பிள்ளைகளும் கடையநல்லூரில் இருக்கிறார்கள்.

1984-இல் செம்பூரில் பஞ்சாபகேசன் சார் பங்களாவில் நான் பாத்திரம் தேய்த்தேன். காசிம் பாய் தோட்டத்தையும் ரோஜரையும் பார்த்துக்கொண்டார். ரோஜர் மூன்று வயது அல்சேஷன் நாய். நாய்க் கண்காட்சியில் அது பலகை தாண்டி, டயருக்குள் புகுந்து ஓடவேண்டும் என்பது சாரின் ஆசை. முன்பு பழக்கியவன் அடித்திருந்தான். பலகையைப் பார்த்தாலே ரோஜர் படுத்துக்கொள்ளும். இந்த வருஷமும் ஓடாவிட்டால் குர்லாவில் மச்சினர் குடோனுக்குக் காவலுக்கு அனுப்பிவிடுவதாகச் சார் சொல்லிவிட்டார். அங்கே போனால் வாழ்நாள் முழுக்கச் சங்கிலிதான்.

ஒருநாள் கொடியில் ஆடிய புடவை நுனியை ரோஜர் எம்பி எம்பிப் பிடித்தது. மறுநாள் காசிம் பாய் என்னிடம் பழைய புடவைத் துணி கேட்டார். நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் அதைக் கட்டி ஆட்டிக்கொண்டே ஓடினார். துணி பலகையைத் தாண்டியது, ரோஜரும் தாண்டியது. துணி டயருக்குள் போனது, ரோஜரும் போனது. ஐம்பது வயதுக்காரர் மூச்சிரைக்க ஓடிச் சிரித்ததை நான் பின்வாசலில் இருந்து பார்ப்பேன். அவர் சிரித்து அதற்கு முன் பார்த்ததில்லை.

சில சமயம் ரோஜர் துணியைக் கவ்விவந்து அவர் கையில் திணிக்கப் பார்க்கும். அவர் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். தோட்டத்து மூலையில்தான் மதியத் தொழுகை. ஒவ்வொரு தடவையும் ஏழு முறை கழுவ வேலைக்கு நடுவில் முடியுமா? கம்பு இருப்பது நல்லதாயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

டிசம்பரில் கண்காட்சி. சாரின் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். கையில் எதுவும் வைத்திருக்கக்கூடாது என்று சொல்லிக் கம்பை வாங்கி வைத்துவிட்டார்கள். இது முன்பே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ரோஜர் முதல் பலகை முன் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் கை தட்டினார், கூப்பிட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு அவரிடமே ஓடிவந்து, முன்கால்களைத் தாழ்த்தி விளையாடக் கூப்பிட்டது. பிறகு எம்பி அவர் கையைக் கவ்வப் பார்த்தது.

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

ரோஜர் உட்கார்ந்துவிட்டது. ஜனங்கள் சிரித்தார்கள். அப்புறம் எவ்வளவு கூப்பிட்டும் எழவில்லை.

மறுவாரம் ரோஜரை ஏற்றிப்போகக் குடோன் டெம்போ வந்தது. அது போனபின் அவர் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு வந்து நின்றார்.

"தங்கச்சி, அது என்கூட வெளயாடத்தான் வந்துச்சு. நான்தான் கைய எடுத்துக்கிட்டேன்."

குழாயை மூடினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துணியை மட்டும் எடுத்துக்கொண்டு குர்லாவுக்குப் போனார். கம்பு பங்களாவிலேயே கிடந்தது. அன்று சாயங்காலம்தான் அவர் குழாயடியில் மண் எடுத்ததை முதலில் பார்த்தேன்.

இது 1989. ரோஜருக்கு எட்டு வயது, குடோன் வாசலில் சங்கிலியில் இருக்கிறது. காசிம் பாய் ஞாயிறுதோறும் போய், சங்கிலி எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, அது கவ்விய துணியின் மறுநுனியை வெறும் கையால் இழுத்துக்கொண்டிருக்கிறார்.