சத்தம் வந்த பக்கம் ஒரு வாழைப்பழம்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும், எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு கடைவாய்ப் பல்லும் இந்த நிமிஷமே கொட்டிப்போகட்டும். கண்ணை மூடிக் காதைத் திறக்கிற தொழில் எங்களுடையது. காது கேளாமல் பிறந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு கருவியும், காதுக்குப் பின்னால் ஒரு மிஷினும் வைக்கிறார்கள். வைத்த அன்றே எல்லாம் விளங்கிவிடாது. எது என்ன சத்தம், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பழக்க வேண்டும். அதற்குத்தான் மேனாம்பேட்டில், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் எங்கள் மையம். கண்ணை முழுசாக மூடுகிற பெரிய வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் பிள்ளைக்குக் கண்ணெதிரே கம்ப்யூட்டர் காட்டுகிற காடு. குரங்கு கத்துகிற பக்கம் திரும்பி வாழைப்பழம் எறிந்தால் ஒரு நட்சத்திரம். ஆவடியில் ஃபேக்டரி வேலை பார்த்து ரிடையரான எனக்கு அங்கே ஒரே வேலை: காட்டிலிருக்கும் பிள்ளை சுவரில் முட்டாமல் பிடிப்பது. பேரப்பிள்ளை பின்னால் ஓடி முட்டி தேய்ந்தவர்களே, உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

பீரோவின் காது

கயல் பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருவாள். ஐந்து வயது, இரண்டு காதிலும் மிஷின். அவள் அம்மா செல்விக்கு ஒரே கவலை. வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்: "பின்னால நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பினா ஒண்ணாம் வகுப்புல சேர்த்துக்கறேன்." கயலோ, யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள்.

வந்த அன்றே அவள் மிஷினின் ஒரு வில்லையைக் காணோம். காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் சின்ன வில்லை அது. மாவு மில்லில் சலித்த மாவை எல்லாம் மறுபடி சலிக்க வைத்தேன். கடைசியில் பார்த்தால், கயல் அதைக் கழற்றி எங்கள் இரும்பு பீரோவில் ஒட்டியிருக்கிறாள். நான் இருமினேன்; பீரோ கதவு தானே திறந்தது. சத்தியம். பயிற்சி தருகிற மேடம் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "தாத்தா, பீரோவுக்கும் அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட் போட்டுடவா?"

யானைக்கு பிரேக் இல்லை

இன்னொரு பிள்ளையைப் பூந்தமல்லியிலிருந்து கூட்டி வரும் ஆட்டோக்காரர் தனசேகர், தானும் காட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்தார். கண்ணாடியை மாட்டிவிட்டேன். யானை அவர் முதுகுக்குப் பின்னால் பிளிறியது. மனுஷன் அலறிய அலறலில் கீழே மில்லே நின்றுவிட்டது. கண்ணாடியோடு ஜன்னல் கம்பியில் பாதி தூரம் ஏறிவிட்டார். "நைனா, மெட்ரோ பள்ளத்துக்கு நடுவுல வண்டி ஓட்டிக்கினு கீறேன், ஒரு நாள் பயந்ததில்ல. இதுக்கு ஆரன் மட்டும் கீது, பிரேக்கு இல்ல. என்னை எறக்கி வுடு."

மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த கயல், அந்த அலறலுக்குச் சடாரென்று திரும்பினாள். திரும்பிய வேகத்தில் கையிலிருந்த க்ரேயானை அவர் மேல் எறிந்தாள். செல்விக்குக் கண்ணில் தண்ணீர். கம்பியில் தொங்குகிறவரிடமே போய்க் கேட்டாள்: "அண்ணா, நாளைக்கும் வந்து ஒரு தடவ அலறிட்டுப் போறீங்களா?"

நட்சத்திரம் நிறைய

தனசேகர் மூன்று நாள் வந்து அலறினார். கயல் அசையவில்லை. காட்டுக்குள் போனால் ராணி. நட்சத்திரம் வைக்க இடமில்லாமல் திரையே நிரம்பிவிடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பின்னாலிருந்து "கயல்" என்றால் பொம்மைபோல உட்கார்ந்திருப்பாள். பள்ளியில் கூப்பிட்டுப் பார்க்கிற நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மேடம் மிஷினைச் சோதித்துப் பார்த்தார், பழுதில்லை. செல்வி மதியச் சாப்பாட்டைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

பள்ளிக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள், நான் கயலின் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்: "பாப்பா, கூப்பிட்டது கேட்டுதா?" கேட்டது என்று தலையாட்டினாள். "அப்புறம் ஏன் திரும்பல?" இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். "பழம் இல்ல, தாத்தா. திரும்பி, என்ன எறிய?"

ஏலக்கிப் பழம்

மறுநாள் பள்ளிக்கு நானும் போனேன், தண்ணீர் பாட்டில் தூக்குகிற சாக்கில். தலைமையாசிரியை எழுந்து கயலுக்குப் பின்னால் போனார். செல்வி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஓடியது, மேலே மின்விசிறி கடகடத்தது. இத்தனைக்கும் நடுவில் மெல்ல ஒரு குரல்: "கயல்."

திரும்பினாள். எறிந்தாள். கையிலிருந்த ஏலக்கி வாழைப்பழம் தலைமையாசிரியையின் மூக்குக்கண்ணாடியில் பட்டு, பூகோள உருண்டையை ஒரு சுற்று சுற்றவிட்டு, வருகைப் பதிவேட்டின் மேல் போய் உட்கார்ந்தது. செல்விக்கு முகம் வெளிறிவிட்டது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு தடவை துடைத்தார். அப்புறம் சொன்னார்: "எறிஞ்சது தப்பு. திரும்பினது சரி. ஜூன்ல அனுப்புங்க, பழம் டிபன் பாக்ஸுக்குள்ளயே இருக்கட்டும்."

ஆக, கயல் இப்போது யார் கூப்பிட்டாலும் திரும்புகிறாள், கூப்பிடுகிறவர்கள்தான் முன்ஜாக்கிரதையாகக் குனிந்துகொண்டு கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு அவள் கையில் பழத்தைத் திணித்தது யாரென்று தலைமையாசிரியை இன்னமும் விசாரிக்கிறாராம், அது நான்தான் என்று மட்டும் எங்கேயும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.