திருவையாற்றுச் சாலையில் ஒரு சரிவான மனை: மேடாக்க ஆகும் செலவு

சென்ற மாசியில் ஒரு வியாழக்கிழமை, மனையை அளக்க ஐந்து மீட்டர் டேப் போதுமா, முப்பது மீட்டர் டேப் வேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் குடும்பம் இறுதி விடை கண்டது. விவாதம் இரண்டு வேளைச் சாப்பாட்டைத் தாண்டி நீடித்தது. கடைசியில் முப்பது என்று தீர்மானமானது.

திருவையாற்றுக்குச் சற்று முன்னால் நாங்கள் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். ஓய்வுபெற்றதும் அங்கே குடியேறுவது திட்டம். நாற்பதுக்கு அறுபது அடி. சாலையிலிருந்து பின்புற வாய்க்காலை நோக்கிச் சரிவு. மண் அடித்து மேடாக்கவும், கரண்டும் தண்ணீரும் கொண்டுவரவும் ஐந்து லட்சத்துக்குள் ஆகும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கணக்குப் போட்டது அதற்குப் பிறகுதான்.

தாம்பரத்திலிருந்து ரயிலில் ஸ்லீப்பர் 245 ரூபாய். விடிந்ததும் தஞ்சாவூர். பழைய பேருந்து நிலையத்தில் திருவையாறு பஸ், 15 ரூபாய். வழியில் மூன்று ஆற்றுப் பாலங்கள். மூன்றுக்கும் கீழே மணல். அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து முளைத்திருந்தது. இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடக்கலாம். ஆட்டோ என்றால் 60.

மண் ஒப்பந்தக்காரர் செல்வம் ஏற்கெனவே வந்து காத்திருந்தார். கையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூப். ஒரு முனையைச் சாலையில் அவர் பிடித்தார். மறுமுனையோடு நான் காட்டாமணக்குப் புதருக்குள் இறங்கி, கணுக்கால் வரை சேற்றில் நின்றேன். அப்போது மனையை ஒட்டிய வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர், பெயர் குணசேகரன்.

"குடுங்க சார், நான் புடிச்சிக்கிறேன். நீங்க மேல ஏறுங்க, பாம்பு கெடக்கும்."

ட்யூபைத் தன் வீட்டுச் சுவரிலேயே சாய்த்துப் பிடித்தார். சாலைக்கு ஓரடி மேலே என் தரை வரவேண்டும் என்று செல்வம் கத்த, குணசேகரனே கரித்துண்டால் அந்த மட்டத்தைச் சுவரில் கோடு போட்டார். கோடு அவருடைய சன்னலின் அடிக்கட்டைக்கு அரையடி மேலே விழுந்தது. இரண்டுக்கும் நடுவே சாண் வைத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி மல்லிகா எட்டிப்பார்த்தார்.

"என்னங்க கோடு இது?"

"சாரு தரை அதுவரைக்கும் வரும்க்கா" என்றார் செல்வம்.

"அப்ப நாங்க என்ன, கொளத்து மீனா?"

செல்வம் சிரித்தார். நானும் சிரித்தேன். குணசேகரன் சிரிக்கவில்லை. "நாங்க கட்டுறப்ப வீடுதான் சார் ஒசரம். அப்புறம் ரோட்ட மூணு தடவ ஏத்திட்டாங்க. எங்க கொல்லைத் தண்ணி உங்க மனை வழியாத்தான் வாய்க்காலுக்குப் போவுது. ஓரமா ஒரு குழாய் பொதைச்சு விட்டீங்கன்னா போதும், நாங்க பொழச்சிக்குவோம்."

"பார்க்கலாம்" என்றேன். அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு அந்தச் சொல் யோசிக்காமலே வந்துவிடுகிறது.

மதியம் சாப்பிடாமல் போகக்கூடாது என்று மல்லிகா இலை போட்டுவிட்டார். மீன் குழம்பு. "நல்லா சாப்புடுங்க சார், அப்புறம் நாங்க கீழேருந்துதான் பரிமாறணும்." வெட்கமாக இருந்தது. ஆனால் அது பசியைக் குறைக்கவில்லை. இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டேன். என் தலைக்கு நேரே இருந்த சன்னலுக்கு அந்தப் பக்கம் என் சுவர் எழும் என்பது சாப்பிட்டு முடிக்கும்போதுதான் உறைத்தது. உறைத்த பிறகு மோரும் குடித்தேன்.

கணக்கு இது. முன்பக்கம் இரண்டடி, பின்பக்கம் ஐந்தடி, சராசரி மூன்றரை அடி நிரப்ப வேண்டும்: 8,400 கன அடி. அமுங்குவதற்குக் கால் பங்கு கூட்டினால் 10,500. டிப்பருக்கு 300 கன அடி வீதம் 35 லோடு. லோடு 5,200 வீதம் 1,82,000. பரப்பிவிட ஜேசிபி எட்டு மணி நேரம், 11,200. மண் சரியாமலிருக்கத் தடுப்புச் சுவர் 1,95,000. போர்வெல்லும் மோட்டாரும் 68,000. மின் கம்பம் தள்ளி இருப்பதால் நடுவில் இரண்டு கம்பம் நட்டு இணைப்பு வாங்க 41,000. மொத்தம் 4,97,200. குழாயைச் சேர்த்தால் இன்னும் 11,000.

ரயிலடியிலிருந்து மனைவிக்கு போன் செய்தேன். "அஞ்சுக்குள்ள வருதா?" என்றாள். "வருது" என்றேன். மீன் குழம்பைப் பற்றிச் சொன்னேன். குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. பதினோராயிரம் எங்களிடம் இல்லாமல் இல்லை. என் வாய் ஐந்து என்று முன்பே சொல்லியிருந்தது, அவ்வளவுதான். செல்வம் சித்திரையில் இரண்டு முறை கேட்டார், "குழாய் போட்டுரலாமா சார்?" இரண்டு முறையும் பார்க்கலாம் என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை. அதற்குள் மண் விழுந்துவிட்டது.

இதே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மனையைக் கோடையில் மட்டும் பார்க்காதீர்கள். ஐப்பசியில் ஒருமுறை குடையோடு போய், தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். மண்ணின் விலையை இரண்டு பேரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுத் தரையின் மட்டத்தையும் அளந்து எழுதுங்கள். அவர்கள் தண்ணீருக்கு வழிவிட ஆகும் செலவை மதிப்பீட்டின் கடைசியில் வைக்காதீர்கள். கடைசியில் இருப்பதுதான் முதலில் அடிபடும். வீட்டில் தொகையைச் சொல்வதற்கு முன் அளந்துவிடுங்கள். இந்தப் பதிவில் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்த வீட்டுக்கு நான் செய்த உதவி அது ஒன்றுதான்.

கார்த்திகையில் மின் இணைப்புக்காக மறுபடி போனேன். என் மனை காய்ந்திருந்தது. குணசேகரன் வீடு பூட்டியிருந்தது, வாசற்படிக்கு மேலே தண்ணீர் நின்றது. அவர்கள் ஒரத்தநாட்டில் மல்லிகாவின் தங்கை வீட்டில் இருப்பதாகச் செல்வம் சொன்னார்.