நூற்றிருபத்தைந்துக்கு மேலே இரண்டு

புர்வொரெஜோவில் மோட்டார் சைக்கிள் பந்தயம் முடிந்தாலும் கூட்டம் கலையாது. ஜெயித்த வண்டியின் எஞ்சினை எல்லோர் முன்னாலும் பிரித்து அளந்த பிறகுதான் கோப்பை. அளப்பவள் லேத் பட்டறை வைத்திருக்கும் வுர்யானி. சிலிண்டர் குடைவதில் அந்த வட்டாரத்தில் அவளுக்கு நிகர் இல்லை. அன்று 125 சிசி வரையுள்ள வண்டிகளின் பிரிவில் முதலில் வந்தவன் அவளுடைய தம்பி கியான்தோ. ஜெயித்தால் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்வதாக சோலோ நகரத்துக்காரர்கள் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

"தம்பி வண்டின்னா பாத்துக்கிட்டே உக்காந்திருப்பியாம்மா? சீக்கிரம் அள!" என்றார் தர்முஜி. இரண்டாவதாக வந்த வண்டி அவருடையது.

"சூட்டுல இரும்பு விரிஞ்சிருக்கும்ண்ணே. கை வைக்கிற அளவுக்கு ஆறட்டும். உங்க வண்டின்னாலும் இதேதான்."

"அப்ப நான் விசிறி விடவா?"

கூட்டம் சிரித்தது. வுர்யானியும் சிரித்தாள்.

ஆறிய பிறகு அளந்தாள். சிலிண்டரின் விட்டம் 52.9 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 57.9. ஒரு தடவை ஏறும்போது பிஸ்டன் அடைக்கிற இடம்தான் சிசி. கணக்குப் போட்டாள். நம்பாமல் மறுபடியும் போட்டாள். 127.

போன மாதம் பிஸ்டன் இறுகிப்போனபோது, அரை மில்லிமீட்டர் குடைந்து பெரிய பிஸ்டன் மாட்டியது அவளேதான். ரிப்பேர் என்றுதான் அதை நினைத்தாள். புதிதில் 124.9 இருந்த எஞ்சின் அது. கம்பெனி 125 என்று பக்கவாட்டில் எழுதியிருந்தது. குடைந்த பிறகும் அந்த எழுத்து அப்படியே இருந்தது, அக்காவும் தம்பியும் அதையே நம்பினார்கள். நாள் முழுக்க அளப்பதே தொழிலாக இருப்பவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

கருவியின் முள்ளைப் பார்த்தவள் அவள் மட்டும்தான். 52.4 என்று சொல்லியிருந்தால் யாரும் மறு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

"நூத்தி இருபத்தேழு. செல்லாது," என்றாள் உரக்க. "குடைஞ்சது நான்தான். தப்பு என்னோடது."

தர்முஜி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

கூட்டம் கலைந்ததும் வுர்யானி பிரித்த எஞ்சினைத் திரும்பப் பூட்ட உட்கார்ந்தாள். கியான்தோ நெடுநேரம் தள்ளியே நின்றான். அப்புறம் வந்து ஸ்பேனரை எடுத்தான்.

"இனிமே இத எந்தப் பிரிவுலக்கா ஓட்டுறது?"

"நூத்தி அம்பது வரைக்கும் உள்ளதுல."

"அதுல நான் கடைசியாத்தான் வருவேன்."

"வாயேன். அப்பவும் நான்தான் குடைஞ்சு தருவேன்."

"நீ குடைஞ்சதெல்லாம் போதும் தாயே," என்றபடி அவன் முதல் போல்ட்டை முடுக்கினான்.